‘இன்னா எழுதிக்கீது’ மேஸ்திரியின் மகளுக்கு

வாணிம்மா,

இதைப் பிரித்ததும், அப்பா யாரையோ உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறார் என்று நினைப்பாய். இல்லை. ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு, திங்கள் காலையில் உட்கார்ந்தேன். இன்று புதன். அரைப் பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது. நாற்பது வருஷம் கொத்துக் கரண்டி பிடித்த கைக்குப் பேனா கனமாக இருக்கிறது என்று சொன்னால் உன் அம்மா சிரிக்கிறாள். முதல் நாள் பாதி உன் பேரிலேயே போனது. எந்த ‘ணி’ என்று சந்தேகம் வந்துவிட்டது. நான் ஆசைப்பட்டு வைத்த பேர், முப்பத்துநாலு வருஷமாகக் கூப்பிடுகிற பேர், அதை எழுத எனக்குத் தெரியவில்லை. வகுப்பு நோட்டைத் தேடி, மூன்று சுழிதான் என்று உறுதி செய்துகொண்டு மேலே போட்டேன். போட்டுவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற சனிக்கிழமை வகுப்பில் பதினான்கு பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். உன் அம்மாவும் என்னோடு வந்தாள். தன் பேரைப் போடத் தெரிந்த அன்றைக்கே, ‘எனக்கு இது போதும், பேங்க்ல கைநாட்டு வைக்காம இருந்தா சரி’ என்று நின்றுவிட்டாள். என்னால் நிற்க முடியவில்லை. இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தால் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் வாய் ஓயாமல் படிக்கிறேன். கடைப் பலகை, லாரியின் பின்பக்கம், ஷட்டரில் ஒட்டிய நோட்டீஸ், எதையும் விடுவதில்லை. நம் தெரு முனையில் ஒரு பச்சைச் சுவர் இருக்கிறதே, அதில் ‘இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்கள்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. எத்தனை வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்! அந்த எழுத்தின் மேலேயே எத்தனை நோட்டீஸ்! தனியாக நின்று சிரித்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாய். வெள்ளிக்கிழமை ஆபீசில் மூன்று பெரியவர்கள் முன்னால் பத்து நிமிஷம் பேச வேண்டும், அவர்களுக்குப் பிடித்தால் உன் டீமில் இருக்கிற பதினோரு பேருக்கும் நீதான் மேனேஜர், இப்போது இருக்கிற மேனேஜர் வேறு ஊருக்குப் போகிறார் என்று சொன்னாய். போன வருஷமும் இதே மாதிரி ஓர் இடம் வந்து, உனக்குக் கிடைக்கவில்லை. அப்போது அவர்கள் சொன்ன காரணத்தை நீ ஒரு வருஷமாக மனதில் வைத்திருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘வாணி நல்லா வேலை செய்றாங்க. ஆனா ஒரு லீடரா அவங்க யாருன்னு யாராலயும் சொல்ல முடியல.’ இந்தத் தடவை பேச வேண்டிய தலைப்பே அதுதானாம். உங்கள் லீடர்ஷிப் பிராண்ட் என்ன?

நான் கேட்டேன், “பிராண்டுன்னா இன்னாமா? சிமெண்ட்டுக்கு இருக்குமே, அதுவா?”

“அதேதான்ப்பா. மூட்டையைப் பிரிக்காமலே உள்ள என்ன இருக்குன்னு தெரியுது இல்ல? அது மாதிரி, என் பேரைச் சொன்னா என்ன ஞாபகம் வரணும்னு நானே முடிவு பண்ணிச் சொல்லணுமாம்.”

அப்புறம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாய். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, முறைத்தபடி ஒரு படம். பக்கத்தில் மூன்று இங்கிலீஷ் வார்த்தை. தமிழில் சொன்னாய்: துணிச்சல், வேகம், தொலைநோக்கு.

உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “யாருடி இது?” என்றாள்.

“நான்தாம்மா!”

“நீயா? கேட்டுல நிக்கிற செக்யூரிட்டிகூட இதைவிடக் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா நிப்பான்.”

நீ அதற்குச் சிரிக்கவில்லை. எழுந்து நின்று முதல் நாலு வரியைப் பேசிக் காட்டினாய். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனால் குரல் புரிந்தது. அது உன் குரல் இல்லை. உன் மேனேஜர் ஒருமுறை ஸ்பீக்கர் போனில் பேசியபோது கேட்ட குரல். கட்டைவிரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே பேசுகிற மாதிரி ஒரு குரல். ‘இது நீ பேசற மாதிரி இல்லியேம்மா’ என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘அப்பா, இது தளம் போடற வேலை இல்ல. ஆபீஸ். உங்களுக்குப் புரியாது’ என்றாய். லேப்டாப்பை மூடினாய். அப்புறம் மெல்ல, ‘எனக்கும் புரியல. பேசாம பேரை வாபஸ் வாங்கிடறேன்’ என்றாய். திங்கட்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னாயாம், இன்னும் மெயில் போடவில்லை, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு பண்ணப்போகிறேன் என்று. அதனால்தான் இவ்வளவு அவசரமாக, எனக்கு முடிந்த அவசரத்தில், எழுதுகிறேன்.

புரியாது என்று சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. உன் வேலை எனக்குப் புரியாதுதான். ஆனால் பேர் என்பது எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரியும். நீ பார்த்திருப்பாய், காலையில் ராஜகீழ்ப்பாக்கம் முனையில் ஆட்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் எடுக்கிறான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அங்கே நிற்கிறவர்கள்தான் மேஸ்திரியை எடுக்கிறார்கள். சைக்கிள் தூரத்தில் வரும்போதே தங்களுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வார்கள். ‘பாக்கெட்டு வருது’, ‘காட்டுக்கத்தல் வருது’ என்று. அந்த ஒரு வார்த்தையில் அன்றைக்கு யார் யாரோடு போவது என்று முடிவாகிவிடும். நீ சொன்ன பிராண்ட் அதுதான் என்று நினைக்கிறேன். நாம் போய்ச் சேர்வதற்கு முன்னால் அங்கே சொல்லப்படுகிற வார்த்தை.

‘பாக்கெட்டு’ யார் தெரியுமா? உன் அப்பாதான். உனக்கு அப்போது மூன்று நாலு வயதிருக்கும். நான் புதிதாக மேஸ்திரி ஆகியிருந்தேன். எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டு, பாக்கெட்டில் பேனா வைத்து, தொண்டை கிழியக் கத்துவார். மேஸ்திரி என்றால் அப்படித்தான் என்று நானும் ஒரு வெள்ளைச் சட்டை தைத்தேன். ஒரு பேனா, ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். படிக்கத் தெரியாத ஆளுக்குப் பேனா! இன்ஜினீயர் ஏதாவது சொன்னால் நோட்டை எடுத்து எழுதுகிற மாதிரி கிறுக்குவேன். காகிதம் கொடுத்தால் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ‘சரி சார்’ என்று மடித்துப் பாக்கெட்டில் வைப்பேன். எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்தே சமாளித்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலையூரில் ஒரு மாடி வீடு. தளம் போடுகிற அன்று காலை இன்ஜினீயர் வேறு எங்கோ அவசரமாகப் போக வேண்டியிருந்தது. ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்து, ‘இது மாதிரி பண்ணிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வழக்கம்போலப் பார்த்தேன், தலையாட்டினேன், பாக்கெட்டில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் முழுத் தளத்தையும் போட்டு முடித்துவிட்டோம். மறுநாள் இன்ஜினீயர் வந்தவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பால்கனிப் பக்கம் மேல்கம்பி இன்னும் கட்டவில்லை, அங்கே மட்டும் காங்கிரீட் போடாதீர்கள் என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தாராம். வாணி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனியைத் தாங்குவதே மேல்கம்பிதான். அது இல்லாமல் போட்ட பால்கனியின் கீழே முட்டுக்கட்டையை எடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

‘சீட்டு குடுத்தேனே, எங்கய்யா?’ என்று கத்தினார். என் பாக்கெட்டில்தான் இருந்தது. சட்டைக்குள் அது சுடுகிற மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘நான் சொன்னேன் சார். பெருமாள்தான் கேக்கல’ என்றேன். பெருமாள் அந்தப் பக்கம் காங்கிரீட்டை இழுத்து மட்டம் செய்தவர். என்னைவிட வயதில் மூத்தவர். அவர் என்னைப் பார்த்தார். ‘மேஸ்திரி, நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே’ என்றார், அவ்வளவுதான். இன்ஜினீயர் அவரை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினார். பெருமாள் கையைக் கழுவிக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் பால்கனியை நாங்கள் இரண்டு நாள் உளி வைத்து உடைத்தோம். இதை உன் அம்மாவுக்குக்கூட இன்றுவரை சொன்னதில்லை. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அவளுக்குப் படிக்க வராது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை முனைக்குப் போனேன். ‘மாடம்பாக்கத்துல தளம், பத்துப் பேர் வேணும், வாங்கப்பா’ என்றேன். யாரும் அசையவில்லை.

“இன்னிக்கி ஒடம்பு சரியில்ல மேஸ்திரி” என்றார் ஒருவர்.

“எனுக்குந்தான்” என்றார் இன்னொருவர்.

மேரி என்று ஒரு சித்தாள் உண்டு. ஏழாவது வரைக்கும் படித்தவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. “எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல காச்சல் வந்துக்கீது மேஸ்திரி. உன் சைக்கிளப் பாத்ததும் வந்துச்சு” என்றார். எல்லோரும் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மூன்று நாள் அப்படியே போனது. நாலாவது நாள் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, பெருமாள் நிற்கிற இடத்துக்குப் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. சீட்டு என் பாக்கெட்லதான் இருந்துச்சு. பெருமாள் அண்ணன் மேல பொய் சொல்லிட்டேன். இன்ஜினீயர்கிட்டயும் போய் உண்மையச் சொல்லிட்டேன்.”

பெருமாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்போ அந்தப் பேனா இன்னாத்துக்கு?”

“சும்மாதான்.”

“சும்மாவா? நானு உன்ன தாசில்தார் ரேஞ்சுக்கு நென்ச்சினு இருந்தேன்யா!”

மேரி சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பெருமாள் சிரிக்கவில்லை. ஆனால் தூக்குவாளியைக் கையில் எடுத்தார். ‘வா, எந்த ஊர்ல தளம்?’ என்று கேட்டார்.

அன்றைக்கு மாடம்பாக்கத்தில் ஒரு வழக்கம் தொடங்கியது. இன்ஜினீயர் கொடுத்த காகிதத்தை மேரி கையில் கொடுத்தேன். எல்லோரையும் சுற்றி நிற்க வைத்தேன். ‘இன்னா எழுதிக்கீது?’ என்று கேட்டேன். மேரி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். ‘கிழக்குப் பக்கம் தளம் ஐந்து அங்குலம்’ என்று அவர் இழுத்து வாசித்ததும் யாரோ ‘ஆமென்’ என்றார்கள். சிரிப்பாகத்தான் தொடங்கியது. ஆனால் அதை நான் விடவில்லை, வாணி. மேகம் கறுத்துக்கொண்டு வந்தாலும் சரி, வீட்டுக்காரர் நேரமாகுது நேரமாகுது என்று குதித்தாலும் சரி, மிக்சரை ஓட்டுவதற்கு முன்னால் காகிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டாமல் ஒரு சட்டி காங்கிரீட் மேலே ஏறாது. காகிதமே இல்லாத அன்று இன்ஜினீயரைச் சொல்லச் சொல்லி மேரியை எழுத வைத்து, அப்புறம் வாசிக்க வைத்தேன். எங்கள் வாயில் ‘ழ’ வராது, ‘எயுதிக்கீது’ என்றுதான் வரும். இப்போது எழுதக் கற்றுக்கொண்டதால் உனக்குச் சரியாக எழுதுகிறேன்.

ஒருமுறை காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு வீட்டில் வாசித்து முடித்ததும் பெருமாள், ‘எல்லாம் சரி, மாடிப்படி எது வழியா மேல போவும்?’ என்று கேட்டார். எல்லோரும் மேலே பார்த்தோம். படிக்காக விட வேண்டிய திறப்பைச் சென்ட்ரிங் அடிக்கிறவர்கள் பலகை போட்டு மூடியிருந்தார்கள். படம் போட்டவர், வீட்டுக்காரர், நான், யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் பெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள், சட்டையெல்லாம் மடிப்புக் கலையாத ஒரு பெரியவர் ஸ்கூட்டரில் முனைக்கு வந்து, கூச்சத்தோடு, ‘இங்க இன்னா எழுதிக்கீது மேஸ்திரின்னு ஒருத்தர் இருக்காராமே?’ என்று விசாரித்தார். மேரி, ‘தோ நிக்கிறாரு பார் சார், அவருதான். பேனா இருக்காது, அதான் அடையாளம்’ என்றார். இருபத்தைந்து வருஷம் அந்தப் பேரில்தான் எனக்கு வேலை வந்தது. அதை நான் வைத்துக்கொள்ளவில்லை, அவர்கள் வைத்தார்கள். ஆனால் தினமும் அவர்கள் காதில் என்ன விழ வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்தேன். வெள்ளைச் சட்டையும் கத்தலும் இன்னொருவருடையது. அதை எவ்வளவு துவைத்துப் போட்டாலும் எனக்கு ‘பாக்கெட்டு’ என்ற பேர்தான் கிடைத்தது.

இதுவரைக்கும் எழுதியதைப் பார்த்து, அப்பா தன் பெருமையைப் பாடுகிறார் என்று நினைத்துவிடாதே. இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். காலையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஒன்பதாவது படித்தபோது ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு கவர் கொண்டுவந்தாய். ஒட்டிய கவர். உன் வகுப்புப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போய், கழிவறையில் தண்ணீர் வருவதில்லை, சரி செய்து தந்தால்தான் வகுப்புக்குப் போவோம் என்று நீ பேசியதை முந்தின நாளே அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். நான் பயந்துபோயிருந்தேன். நீ கவரை நீட்டி, ‘படிக்கட்டுமாப்பா?’ என்று கேட்டாய். நான், ‘படிக்க வேணாம், இன்னா எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்’ என்றேன். உனக்கு எதற்கு இந்தத் தலைவி வேலை, தலையைக் குனிந்துகொண்டு போய் வா, யார் கண்ணிலும் படாதே என்று திட்டினேன். கவரைப் பீரோவில் போட்டேன். அதற்குப் பிறகு நீ எதற்கும் முன்னால் போய் நிற்கவில்லை. பத்தாவதில், கல்லூரியில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினேன். யார் கண்ணிலும் படாதே.

திங்கட்கிழமை சாயங்காலம் ரேஷன் கார்டு தேடும்போது அந்தக் கவர் கிடைத்தது. இன்னும் பிரிக்காமலே இருந்தது. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அரை மணி நேரம் ஆனது. அதை அப்படியே பார்த்து இங்கே எழுதுகிறேன்: ‘தங்கள் மகள் மாணவிகள் சார்பில் மரியாதையுடனும் தெளிவாகவும் பேசினாள். குழாய் சரிசெய்யப்பட்டுவிட்டது. அவளை இந்த ஆண்டு மாணவர் தலைவியாக நியமிக்க விரும்புகிறோம். தங்கள் சம்மதத்தைக் கீழே கையொப்பமிட்டு அனுப்பவும்.’

கீழே ஒரு கோடு போட்டிருக்கிறது. கையெழுத்துக்கான கோடு. இருபது வருஷமாகக் காலியாக இருக்கிறது. நான் பதில் அனுப்பாததால் அவர்கள் வேறு பெண்ணை வைத்துக்கொண்டிருப்பார்கள். உனக்கு இது தெரியவே தெரியாது.

ஊரெல்லாம் போய் இன்னா எழுதிக்கீது, இன்னா எழுதிக்கீது என்று கேட்ட மேஸ்திரி, தன் வீட்டுக்கு வந்த ஒரே ஒரு காகிதத்தைக் கேட்கவில்லை. அன்னியர் முன்னால் விட்ட வெட்கத்தை மகள் முன்னால் விட முடியவில்லை. உன் மேல் புகார்தான் வரும் என்று ஏன் அவ்வளவு நிச்சயமாக நினைத்தேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு மேலிடத்திலிருந்து வருகிற காகிதம் எப்போதும் திட்டாகத்தான் இருக்கும் என்று பழகிப்போயிருந்தது போல. அந்தப் பழக்கத்தை உன் தலையிலும் ஏற்றிவிட்டேன். லீடராக நீ யார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்றால், அது உன் குறை இல்லை. நீ அப்பா சொன்னதைக் கேட்டு நடந்த குறை. அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எழுத்தில் எடுத்துக்கொள்கிறேன், வைத்துக்கொள்.

இன்னொரு விஷயம். நீ யார் என்று சொல்ல ஆள் இல்லை என்பதும் பொய். போன மாதம் முறுக்குப் பையோடு உன் ஆபீஸ் கேட்டுக்கு வந்தேனே, நீ மீட்டிங்கில் இருந்ததால் உன் டீம் பையன் பிரவீண் இறங்கி வந்தான். நான் ‘வாங்க சார்’ என்றேன். ‘என்ன அங்கிள், என்னைப் போய் சார்னு சொல்றீங்க!’ என்று பையை வாங்கிக்கொண்டான். நீ எப்படி வேலை செய்கிறாய் என்று சும்மா கேட்டேன். அவன் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது அதன் மதிப்பு எனக்குத் தெரியவில்லை.

“போன மாசம் நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன் அங்கிள். மூணு மணி நேரம் கஸ்டமருக்கு எதுவுமே ஓடல. மேனேஜர் பக்கம் போகவே பயம். நேரா வாணி அக்காகிட்ட போனேன். அவங்க திட்டல. ‘உடனே சொன்னியே, அது போதும். இப்ப எது ஓடுது, எது ஓடல, அதை மட்டும் சொல்லு’ன்னாங்க. அப்புறம் கஸ்டமர்கிட்ட, ‘பார்த்து ஓகே சொன்னது நான்தான்’னு சொன்னாங்க. எங்க டீம்ல கெட்ட செய்தின்னா முதல்ல அக்காகிட்டதான் போகும்.”

முறுக்கை உடைத்துத் தின்றுகொண்டே இவ்வளவையும் சொன்னான். பெருமாள் மேல் பழி போட்டபோது நான் செய்யாததை நீ செய்திருக்கிறாய். யாரும் சொல்லிக் கொடுக்காமல். கெட்ட செய்தி முதலில் உன்னிடம் வருகிறது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தளம் போட்டவனுக்குத் தெரியும். கத்துகிற மேஸ்திரியிடம் கம்பி நகர்ந்துவிட்டது என்று எவனும் சொல்ல மாட்டான். மூடிவிட்டுப் போய்விடுவான். முட்டுக்கட்டை எடுக்கிற அன்றுதான் தெரியும். உன்னிடம் சொல்கிறார்கள். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றாயே, பிரவீண் அதைச் சொல்லிவிட்டான்.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். அந்த மூன்று வார்த்தையை எடுத்துவிடு. துணிச்சல் நல்ல வார்த்தைதான், ஆனால் அந்த மேஜையைத் தட்டுகிற குரலுக்குத்தான் அது பொருந்தும். அந்த மூன்று பேரிடமும் நடந்ததைச் சொல். மூன்று மணி நேரம் ஓடாமல் நின்ற கதையைச் சொல். பிரவீண் பேரைச் சொல்லி அவனை மாட்டிவிடாமல் சொல், உனக்குத் தெரியும். ‘என் டீமில் கெட்ட செய்தி மறையாது, என்னிடம் சீக்கிரம் வந்துவிடும், அதனால் சீக்கிரம் சரியாகிவிடும்’ என்று உன் குரலில் சொல். இது தானாக நடக்கட்டும் என்று விட்டுவிடாமல் ஒரு வழக்கமாக ஆக்கு. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. உனக்கும் ஒரு கேள்வி இருக்கட்டும். காலையில் எல்லோரும் கூடி உட்காருகிறீர்களே, அப்போது தினமும் கேட்கிற ஒரே கேள்வி. நீ நல்ல மனநிலையில் இருக்கிற நாளிலும் கேள், இல்லாத நாளிலும் கேள். மேலே இருப்பவர்கள் குதிக்கிற நாளில் கட்டாயம் கேள். என்ன கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். என் கேள்வியைக் கடன் வாங்கினால் அதுவும் வெள்ளைச் சட்டைதான். அப்புறம், நீயும் உன் ஆட்களும் செய்கிற வேலையை மேலே இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல். இதைச் செய்தது இன்னார், இந்தத் தப்பைக் கண்டுபிடித்தது இன்னார் என்று சொல். மாடிப்படி விஷயத்தைப் பெருமாள்தான் கண்டுபிடித்தார் என்று நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். அதில் எனக்குப் பேர் குறையவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தையும் எடுத்துவிடு. இது உன் அம்மாவின் கோரிக்கை. அதையும் எழுது என்று தோளில் தட்டுகிறாள்.

வெள்ளிக்கிழமை கிடைக்காமலும் போகலாம். எனக்கு அது தெரியாமல் இல்லை. அந்த மூன்று பேர் வேறு ஏதோ தேடலாம். ஆனால் திங்கட்கிழமை நீ ஆபீசுக்குப் போகும்போது, யாரோ ஒருவர் முகம் வெளுத்து உன் மேஜைப் பக்கம் வந்து நிற்பார், ‘அக்கா, ஒண்ணு சொல்லணும்’ என்பார். அப்போது நீ நிமிர்ந்து பார்ப்பாயே, அந்தப் பார்வைக்காகத்தான் அவர் வந்திருப்பார். அது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் பயப்படாமல் போ. கிடைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எத்தனையோ முனையில் எத்தனையோ பேரை நிற்கவைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், கிடைக்கும்.

தபாலில் போட்டால் உனக்கு நேரத்துக்கு வராது. நாளைக் காலையில் நானே பஸ் ஏறி, நீ ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் பெருங்களத்தூர் வந்து உன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். என் முன்னால் படிக்காதே, எனக்குக் கூச்சமாக இருக்கும். பள்ளிக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். காலியாக இருந்த கோட்டில் இன்று மதியம் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. சம்மதம் சம்மதம்தானே.

வெள்ளிக்கிழமை முடிந்ததும் முதலில் உன் டீம் ஆட்களுக்குச் சொல், அவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் அம்மாவுக்குப் போன் செய். எனக்குப் போனில் சொல்லாதே. எழுது. இரண்டு வரி போதும். பெரிய எழுத்தாக, கூட்டெழுத்துப் போடாமல், உறையின் மேல் என் பேரைப் போட்டுத் தபாலில் அனுப்பு. என் பேருக்கு இதுவரை எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. தபால்காரரிடம் வாங்கி, யாரையும் கூப்பிடாமல் நானே படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா